ஆறு பேரும் ஓரிடம் நகர்ந்த கதை

அரைக்குளத்துக்காரர்களுக்குப் புத்தி கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிறையவே இருக்கிறது. அதை யாரும் எடுத்துச் செலவு செய்வதில்லை, அவ்வளவுதான். அதிலும் கீழத்தெருவில் கல்யாணச் சமையல் வேலை எடுத்துச் செய்கிற பொன்னுலிங்கம் வீட்டில் அது இன்னும் பிரிக்காத மூட்டையாகவே இருக்கிறது.

அந்த வீட்டில் ஆறு பேர். அண்ணன் தம்பிகளில் மூத்தவர் பொன்னுலிங்கம்தான் முதலாளி. ஆர்டர் பேசுவார், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பந்தி வாசலில் நின்று "எல்லாம் திருப்திதானா?" என்று கேட்பார். அவர் தம்பி குருநாதன் அடுப்பைப் பார்த்துக்கொள்வான். பொன்னுலிங்கத்தின் மனைவி கோசலை காய் நறுக்குவாள். கோசலையின் தம்பி கனகவேல் பந்தல் போடுவான். சங்கிலிச் சித்தப்பா லாரி ஓட்டுவார். சித்தி தவறிப்போன பிறகு அவருக்கு லாரியோடுதான் அதிகப் பேச்சு. கடைசி ஆள் பொன்னுலிங்கத்தின் சின்னத் தம்பி, வீட்டுக்குக் கடைக்குட்டி, இசக்கிராசு. பந்தியில் பரிமாறுவது அவன் வேலை.

இந்த வரிசையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இசக்கிராசுவுக்கு முப்பது தாண்டிவிட்டது. ஊரான் கல்யாணத்துக்கெல்லாம் பாயசம் ஊற்றி ஊற்றியே அவன் கை காய்ப்புக் காய்த்துவிட்டது. பெண் கேட்டுப் போன இடத்திலெல்லாம், "மழைக்கு நனையாம இருக்கட்டும்னு பந்தல மண்டபத்துக்குள்ள போட்டாங்களே, அந்த வீடா?" என்று கேட்டுவிட்டுக் காப்பிகூடத் தராமல் அனுப்பினார்கள்.

அவன் மனதில் ஒருத்தி இருந்தாள். மேலக்கரை அரிசி மண்டி ஆவுடையப்பனின் இளைய மகள் தில்லைக்கனி. ஒரு வளைகாப்புப் பந்தியில் அவள் "இன்னும் கொஞ்சம் பாயசம்" என்று கேட்டாள். இசக்கிராசு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ரச வாளியிலிருந்து இரண்டு கரண்டி ஊற்றினான். அவள் ரசத்தை வழித்துக் குடித்துவிட்டு, "போன தடவைய விட இனிப்பு கம்மி" என்று மட்டும் சொன்னாள். இவளை விட்டால் தனக்கு இந்த உலகத்தில் வேறு பெண் கிடையாது என்று இசக்கிராசு அன்றைக்கே முடிவு செய்துவிட்டான். அதில் அவன் கணக்குத் தப்பவில்லை.

இது இப்படி இருக்க, டவுனில் வர்த்தகர் சங்கக் கூட்டம் ஒன்று நடந்தது. வடையும் காப்பியும் பொன்னுலிங்கம் வீட்டுப் பொறுப்பு. இந்தியாவுக்காக வாலிபால் ஆடி மெடல் வாங்கிய ஒருவரைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மைதானத்தில் ஜெயித்தவர்கள் எப்படி ஒற்றுமையாக ஆடினார்களோ, அப்படியே கடையையும் குடும்பத்தையும் நடத்த வேண்டும் என்பது அவர் பேச்சு. வியாபாரிகள் பாதிப் பேர் தூங்கினார்கள். மீதிப் பேர் வடைக்குக் காத்திருந்தார்கள். ஆறு பேர் மட்டும் சமையல்கட்டுத் திரைக்குப் பின்னால் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்ததில் வடை கருகிப்போனது.

"நாங்க களத்துல நின்னது ஆறே பேர்" என்றார் வீரர்.

பொன்னுலிங்கத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. "ஆறு பேராம்டே. நம்மளத்தான் சொல்லுதாரு."

வீரர் சொல்லிக்கொண்டே போனார். பந்து வந்தால் ஒருத்தன் "என் பந்து" என்று குரல் கொடுக்க வேண்டும். ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு தடவை தொடக்கூடாது. மூன்று கைக்குள் பந்து வலைக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். தப்பு செய்தவனைத் திட்டாமல் ஓடிப்போய் முதுகில் தட்டிக்கொடுக்க வேண்டும். எதிராளி கையிலிருந்து சர்வீஸை ஜெயித்து வாங்கிவிட்டால், ஆறு பேரும் ஓரிடம் நகர வேண்டும்.

"எந்த இடத்துல நின்னாலும் ஆடத் தெரியணும். இதை அப்படியே வீட்டுல செஞ்சு பாருங்க, கடையில செஞ்சு பாருங்க. நீங்கதான் ஜெயிப்பீங்க" என்று முடித்தார் வீரர்.

அப்படியே என்று அவர் சொல்லியிருக்க வேண்டாம்.

மறுநாள் காலையில் காப்பியிலேயே ஆட்டம் தொடங்கியது. கோசலை டிகாஷன் ஊற்றினாள், குருநாதன் பால் ஊற்றினான், கனகவேல் சீனி போட்டான். மூன்று கை முடிந்ததால் தம்ளர் பொன்னுலிங்கத்திடம் போனது. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி உதட்டருகே கொண்டுபோனார்.

"அண்ணே, ரெண்டாவது தடவ தொடுதீங்க" என்றான் இசக்கிராசு.

பொன்னுலிங்கம் வெட்கப்பட்டுப்போனார். தம்ளரைச் சித்தப்பாவிடம் நீட்டினார். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு இசக்கிராசுவிடம் நீட்டினார். இப்படி ஒரு தம்ளர் வீட்டைச் சுற்றி வந்தது. அது முடிந்ததும் அடுத்த தம்ளர் புறப்பட்டது. ஆறு பேரும் காப்பி குடித்து முடிக்கும்போது மத்தியானச் சோற்றுக்கு நேரமாகிவிட்டது.

"ஒற்றுமைன்னா நேரம் பிடிக்கத்தான் செய்யும்" என்றார் சங்கிலிச் சித்தப்பா.

அந்த நேரம் பார்த்து பொன்னுலிங்கத்தின் செல்போன் அடித்தது. திரையில் ஆவுடையப்பன் பெயர். தரகர் மூலமாக அவரிடம் பெண் கேட்டு வெகு நாளாகியிருந்தது. 

"என் பந்து" என்று ஆறு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். உடனே, அடுத்தவர் சொல்லிவிட்டாரே என்று மரியாதைக்கு ஆறு பேரும் ஓரடி பின்வாங்கினார்கள். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. யார் மேல் தப்பு என்று தெரியாததால் எல்லாரும் எல்லார் முதுகிலும் தட்டிக்கொடுத்தார்கள்.

மறுபடியும் அடித்தது. இந்த முறை இசக்கிராசு பாய்ந்து எடுத்தான். "ஹலோ" என்றான். ஒரு தடவை தொட்டாயிற்று. குருநாதனிடம் கொடுத்தான். குருநாதன் "யாரு பேசுதது?" என்று கேட்டுவிட்டுக் கோசலையிடம் கொடுத்தான். கோசலை "சௌக்கியமா இருக்கீகளா?" என்று கேட்டாள். பதில் வருவதற்குள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள்.

"மூணாவது கை என்னுது. வலை எங்க?" என்றாள்.

"காம்பவுண்டுச் சுவருதான் மதினி, போடுங்க" என்றான் இசக்கிராசு.

கோசலை போனைத் தலைக்கு மேல் தூக்கி, இரண்டு கை விரலாலும் ஏந்தி, சுவருக்கு அந்தப் பக்கம் அனுப்பினாள். பக்கத்து வீட்டுச் சொர்ணத்தாய் அங்கே வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பாய் நடுவில் வந்து விழுந்த போனை எடுத்துப் பேசினாள். என்ன தேதி, எத்தனை பேருக்குச் சாப்பாடு, என்ன பதார்த்தம் என்று எல்லாம் கேட்டுக்கொண்டாள். அந்த வீட்டுக்கு அமைந்த ஒரே ஒழுங்கான வியாபாரப் பேச்சு அதுதான்.

பிறகு சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். "வார வெள்ளிக்கெழம ஆவுடையப்பன் பேரனுக்குக் காதுகுத்து. சாப்பாடு ஒங்க பொறுப்பாம். ஒங்க குடும்பம் எப்படின்னு அன்னைக்குப் பாப்பாராம். பிடிச்சிருந்தா பொண்ணு. இல்லன்னா இனிமே தரகர அனுப்ப வேண்டாம்னு சொல்லச் சொன்னாரு."

இசக்கிராசு அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் சேர்த்துச் சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை வந்தது. மேலக்கரையில் ஆவுடையப்பன் வீட்டு வாசலை அடைத்துப் பந்தல். கனகவேல் வெளியேதான் போட்டிருந்தான். முற்றத்தில் மணை போட்டு, தில்லைக்கனியின் அண்ணன் தாய்மாமனாக உட்கார்ந்தான். அவன் மடியில் பேரப்பிள்ளையை வைத்தார்கள். ஆசாரி முதல் காதைக் குத்திக் கடுக்கனைப் போட்டதுதான் தாமதம், பிள்ளை வீல் என்று கத்திக்கொண்டு மடியிலிருந்து வழுக்கி ஓடி, நெல்குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. பெற்றவள் கெஞ்சினாள், மிட்டாய் காட்டினார்கள், வரவில்லை.

"பந்தி நடக்கட்டும். பய பசிச்சா வெளிய வருவான்" என்றார் ஆவுடையப்பன். ஆசாரி இரண்டாவது கடுக்கனைக் கையில் வைத்துக்கொண்டு மணைப் பக்கத்திலேயே காத்திருந்தார். தாய்மாமனும் காலி மடியோடு காத்திருந்தான்.

முதல் பந்தி உட்கார்ந்தது. அண்டாவிலிருந்து வாளிக்கு ஒரு கை, வாளியிலிருந்து கரண்டிக்கு ஒரு கை, கரண்டியிலிருந்து இலைக்கு ஒரு கை என்று சாம்பார் வந்து இறங்கியது. யாராவது "இங்க ஒரு வடை" என்று சொன்னால் "என் வடை" என்று இசக்கிராசு குரல் கொடுத்தான். கேட்டவர் கொஞ்சம் திடுக்கிட்டார். ஆனால் வடை வந்துவிட்டது. அவியல் அருமை, சாம்பார் மணம், பந்தல் குளுமை. எழுந்தவர்கள் எல்லாரும் பொன்னுலிங்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள்.

பாயச வாளியோடு நின்ற இசக்கிராசுவிடம் தில்லைக்கனி ஒரு தம்ளரோடு வந்தாள்.

"ரசம் இருக்கா?" என்று கேட்டாள்.

"பாயசந்தான் இருக்கு."

"பரவாயில்ல. ரசம்னு நெனச்சுக் குடிச்சுக்கிடுதேன்."

இசக்கிராசுவுக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, இன்னும் ஒரே ஒரு பந்திதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டே திரும்பினான். அங்கே பொன்னுலிங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்து வைத்துவிட்டுக் குருநாதனின் ஏப்ரனை வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே பண்ணுதீங்க?"

"ஜெயிச்சுட்டோம்லடே. ஓரிடம் நகரணும்."

இசக்கிராசு அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, இன்னைக்கு மட்டும் நகராம இருப்போமே. எனக்காக."

பொன்னுலிங்கம் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "ஜெயிச்சுட்டு நகராம நின்னா ஃபவுல். ஃபவுல் ஆடியா நீ பொண்ணு கட்டப் போற? நாளைக்கு ஒனக்குப் பொறக்குற பிள்ள கேட்டா என்ன சொல்லுவ?"

இசக்கிராசு யோசித்தான். நாளைக்குப் பிறக்கிற பிள்ளை தலைகுனிந்து நிற்பது கண்ணில் தெரிந்தது. நகர்ந்தான்.

ஆக, பொன்னுலிங்கம் அடுப்புக்குப் போனார். குருநாதன் காய் நறுக்கப் போனான். கோசலை பந்தலுக்குப் போனாள். கனகவேல் லாரிக்குப் போனான். சங்கிலிச் சித்தப்பா பந்திக்கு வந்தார். பந்தியிலிருந்த இசக்கிராசு முதலாளியாகி, வெள்ளை வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றான்.

அடுப்பில் நின்ற பொன்னுலிங்கத்துக்குப் பேரம் பேசித்தான் பழக்கம். "சாம்பாருக்கு எவ்வளவு உப்பு?" என்று கேட்டார். ரெண்டு கை என்றான் குருநாதன். "ரெண்டுலாம் ரொம்ப அதிகம்டே. நம்ம வீட்டு விசேஷம் மாதிரி. பாத்துச் சொல்லு." ஒன்றரைக்கு இறங்கினான் குருநாதன். ஒன்றுக்கு இறங்கினான். அரைக்கு இறங்கினான். கடைசியில் உப்பே இல்லாமல் முடித்துவிட்ட பெருமையோடு பொன்னுலிங்கம் அண்டாவை மூடினார்.

குருநாதன் கத்தியைப் பிடித்து வெகு காலமாயிற்று. பொரியலுக்குப் பச்சையாக எது வேண்டுமானாலும் நறுக்கலாம் என்பது அவனுக்குத் தெரியும். பீன்ஸை நறுக்கினான். அடுத்து மூலையில் பச்சையாக அடுக்கி வைத்திருந்த வாழை இலைக் கட்டைக் கண்டான். அதையும் பொடிப்பொடியாக நறுக்கினான். வந்து உட்கார்ந்தவர்கள் வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

பால் பண்ணையிலிருந்து தயிர் வர வேண்டும். கனகவேலுக்கு உயரத்தில்தான் கை ஓடும். லாரியின் கூரை மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, வண்டி புறப்படுவதற்காகக் காத்திருந்தான்.

சங்கிலிச் சித்தப்பா சோற்று வாளியோடு பந்திக்குள் இறங்கினார். வளைவு வந்த இடத்திலெல்லாம் வாயால் ஹாரன் அடித்தார். முன்னால் போகிற வண்டியை ஓரம் கட்டுவது போல ஒரு பெரியவரை ஓரம் கட்டினார். யாரோ பின்னாலிருந்து, "எனக்குச் சோறு வைக்கலியே, திரும்பி வாங்க" என்று கூப்பிட்டார்கள். சித்தப்பா அப்படியே நின்றுவிட்டார்.

"பின்னால ஆள் நின்னு சொன்னாத்தான் ரிவர்ஸ் எடுப்பேன்" என்றார்.

பசி தாங்காத ஒருவர் எழுந்து போய், "வரலாம், வரலாம், ஒடிச்சு வா, நேரா வா, போதும்" என்று சொல்லி அவரை இலையில்லாத இடம் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தார்.

இவ்வளவும் நடக்கும்போது கோசலை பந்தலுக்குக் கீழே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தினமும் பார்க்கிற காட்சிதான் அது. துணி மேலே கட்டியிருக்கிறது, வெயில் சுள்ளென்று அடிக்கிறது. ஏணி போட்டு ஏறி ஒரு பக்கம் தொட்டுப் பார்த்தாள்.

"நல்லாக் காஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து, பந்தல் துணியை நாலாக மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். உச்சி வெயில் பந்தியின் மேல் நேராக இறங்கியது.

வாசலில் ஆவுடையப்பன் வந்து நின்றார். முகம் அடுப்புக் கல் மாதிரி இருந்தது. இசக்கிராசு முதலாளிக்கு உரிய முறையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"எல்லாம் திருப்திதானா?" என்று கேட்டான்.

ஆவுடையப்பன் பந்தலில்லாத பந்தியைத் திரும்பிப் பார்த்தார்.

பெண் வீட்டாரிடம் முதலாளி தம்பியைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்வது வழக்கம் என்று இசக்கிராசுவுக்கு ஞாபகம் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டான். "என் தம்பி இசக்கிராசு ரொம்பத் தங்கமான பய. வெத்தல பாக்குகூடப் போட மாட்டான். அவன நம்பி நீங்க பொண்ணு குடுக்கலாம்."

"நீதானடே இசக்கிராசு?"

"போன பந்தி வரைக்கும்" என்றான் இசக்கிராசு.  பந்தியில் வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, வாழையிலைப் பொரியலை மேசையிலிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தான். தில்லைக்கனி இனிமேல் தனக்கு இல்லை என்று தெரிந்துபோனது. மாலை மாலையாகக் கண்ணீர் வந்தது.

அவன் அழுவதைக் கண்டதும் மீதி ஐந்து பேரும் போட்டது போட்டபடி ஓடிவந்தார்கள். கனகவேல் லாரி மேலிருந்து குதித்தே வந்தான். ஆறு பேரும் முற்றத்தின் நடுவில் வட்டமாகக் கூடினார்கள்.

"உப்புப் போடல, தப்பு என் மேலதான்" என்றார் பொன்னுலிங்கம். ஐந்து பேர் அவர் முதுகில் தட்டினார்கள்.

"எலைய நறுக்கினது நான்" என்றான் குருநாதன். அவன் முதுகில் தட்டினார்கள்.

"இன்னும் ஒரு பக்கம் லேசா ஈரமாத்தான் இருந்துச்சு. அவசரப்பட்டுட்டேன்" என்றாள் கோசலை. அவளுக்கும் தட்டிக்கொடுத்தார்கள். அந்தப் பக்கமாக வந்த ஒரு விருந்தாளி உப்பில்லாத சாம்பாரைப் பற்றிக் கேட்க வாயெடுத்தார். அவர் முதுகிலும் ஆறு பேரும் தட்டிக்கொடுத்து அனுப்பினார்கள்.

ஆவுடையப்பன் பார்த்துக்கொண்டே நின்றார். சண்டை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. ஒருத்தர் மேல் ஒருத்தர் பழி போடுவார்கள் என்று பார்த்தார். அதுவும் இல்லை. அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

மூத்த மகளின் புகுந்த வீட்டார் காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னார். "எம் மூத்த மகளக் குடுத்த வீட்டுல காப்பியில சீனி கொறஞ்சா ஒரு வாரம் பேச மாட்டாங்க. இங்க என்னடான்னா பந்தியே நாசமாப் போச்சு, ஒருத்தர் மொகம் கோணல. சாப்பாட்டுக்கு வேற ஆள வச்சுக்கிடலாம். இப்படி ஒரு வீட்டுக்கு எங்க போவேன்?"

வெற்றிலைத் தட்டை எடுத்து வரச் சொன்னார். தில்லைக்கனியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். வட்டத்தில் தனக்கு நேர் எதிரே நின்ற இசக்கிராசுவிடம் தட்டை நீட்டினார்.

"எம் பொண்ண ஒங்க வீட்டுக்குத் தாரேன்."

இசக்கிராசு இரண்டு கைகளையும் நீட்டினான். விரல் தட்டில் படுவதற்கு ஒரு கண் இமைக்கும் நேரம் இருந்தது.

"ஜெயிச்சுட்டோம்டே" என்றார் பொன்னுலிங்கம்.

ஆறு பேரும் ஓரிடம் நகர்ந்தார்கள். தட்டு சங்கிலிச் சித்தப்பா கையில் வந்து உட்கார்ந்தது.

 சித்தப்பா தட்டைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார். தலைமுடியைக் கையால் படிய வாரிக்கொண்டார்.

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா. எனக்கு ஆட்சேபன இல்ல" என்றார்.

"எனக்கு இருக்கு சித்தப்பா" என்றான் இசக்கிராசு. அந்தக் குடும்பத்தில் அன்றைக்கு வரை யாரும் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

"அழாதடே. பின்னால நகரச் சட்டம் கெடையாது" என்றார் பொன்னுலிங்கம் வருத்தத்தோடு. "முன்னாலதான் போகலாம்."

கோசலைதான் வழி கண்டுபிடித்தாள். மூட்டையிலிருந்து கொஞ்சம் புத்தியை எடுத்தது அவளாகத்தான் இருக்கும். "முன்னாலயே போவோம். இன்னும் அஞ்சு தடவ நகந்தா சுத்தி வந்துருவோம்ல?" என்றாள். ஆவுடையப்பனிடம் திரும்பினாள். "அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாம இன்னும் அஞ்சு தடவ பொண்ணு தாரேன்னு சொல்லுங்க."

ஆவுடையப்பன் இதில் விபரீதம் எதையும் காணவில்லை. மண்டிக்காரர், மூட்டையை எண்ணிப் போடுகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். "பொண்ணு தாரேன்." நகர்ந்தார்கள். தட்டு கனகவேலிடம் போனது. "பொண்ணு தாரேன்." கோசலையிடம் போனது. "பொண்ணு தாரேன்." குருநாதன் பெற்றுக்கொண்டான். "பொண்ணு தாரேன்." பொன்னுலிங்கம் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பொண்ணு தாரேன்." இசக்கிராசு வந்து நின்றான்.

"இனி யாரும் நல்ல வார்த்த ஒண்ணும் பேசிராதீங்க" என்று கோசலை எல்லாரையும் எச்சரித்தாள். முற்றம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. இசக்கிராசு தட்டைத் தொட்டுவிட்டான்.

"எனக்கும் சம்மதம்" என்றாள் தில்லைக்கனி.

ஆறு பேரும் ஓரிடம் நகர்ந்தார்கள். சித்தப்பா மறுபடியும் தலையை வாரிக்கொண்டு வந்து நின்றார்.

இசக்கிராசு அப்படியே தரையில் உட்கார்ந்துவிடலாமா என்று பார்த்தான். தில்லைக்கனி எதிரே நின்ற சித்தப்பாவைப் பார்த்தாள். ஓரிடம் தள்ளி நின்ற இசக்கிராசுவைப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கிக் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்படின்னா நானும் ஓரிடம் நகந்துக்கிடுதேன்" என்று சொல்லி, ஓரடி எடுத்து வைத்து இசக்கிராசுவுக்கு நேர் எதிரே வந்து நின்றுகொண்டாள். அப்படியே தட்டைச் சித்தப்பா கையிலிருந்து வாங்கி அவன் கையில் கொடுத்தாள். இசக்கிராசு அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அதை அவன் கீழே வைக்கவில்லை.

கதை இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் மகள் நகர்ந்ததை ஆவுடையப்பன் கவனித்துவிட்டார்.

"ஒரே குடும்பம்னு ஆயிருச்சு. நாம மட்டும் நகராம நின்னா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே அவரும் ஓரிடம் நகர்ந்தார். அவருக்கு அடுத்த இடம் மணை. மணையில் இருந்த மகனுக்குக் காலையிலிருந்து உட்கார்ந்து கால் மரத்துப்போயிருந்தது. அவனால் நகர முடியவில்லை. ஆகவே ஆவுடையப்பன் மகன் மடியிலேயே உட்கார்ந்தார்.

ஆசாரி காலையிலிருந்து ஒரு காதுக்காகக் காத்திருந்தவர். யார் காது என்று அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. இப்போதும் மேலக்கரைப் பக்கம் போனால் ஆவுடையப்பனை மண்டியில் பார்க்கலாம். ஒரு காதில் கடுக்கன் மின்னும். மடியில் பேரன் இருப்பான், அவனுக்கும் ஒரு காதில் கடுக்கன் மின்னும். இன்னொரு காது ஏன் வெறுமனே இருக்கிறது என்று கேட்டால், கேட்டவரை உட்கார வைத்து விளக்கம் சொல்வார்.

"ஒரே ஆசாரி அடுத்தடுத்து ரெண்டு தடவ தொடக்கூடாதுல்லா. வேற ஆசாரி தேடிக்கிட்டிருக்கோம்."